பேரை மாத்தினா பாட்டு பாடுமா?

காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த என் சித்தப்பா நன்றாகக் கானா பாடுவார். பழைய பட்டன் போனில் ஒருநாள் பதிவு செய்து வைத்த நாலு நிமிடப் பாட்டு ஒன்றுதான் மிச்சம். பதினாறாம் நாள் காரியத்தில் அதைப் போடலாம் என்று பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். மைக் செட்டில் இருந்த பிளேயர் அந்த ஃபைலைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஃபைல் பெயர் ஏஎம்ஆர் என்று முடிந்தது; பழைய போன்கள் குரலைப் பதியும் ஃபைல் வகை அது. "அண்ணே, அத எம்பி3னு மாத்திடுண்ணே" என்றான் தம்பி. மாற்றினேன். இப்போது பெயர் தெரிந்தது, சத்தம் வரவில்லை. மைக் செட் அண்ணன் சிரித்தார்: "லேபிள மாத்தினா உள்ள இருக்கிற ஊறுகா மாறிடுமா தம்பி?"

அப்புறம் பக்கத்து வீட்டு லேப்டாப்பில் பெயரைப் பழையபடி ஆக்கி, விஎல்சி என்ற பிளேயர் மென்பொருளில் திறந்தேன். பாடியது! அதிலேயே எம்பி3 ஆக மாற்றவும் வழி இருக்கிறது. 370 கேபி இருந்த ஃபைல், 128 கேபிபிஎஸ் (ஒரு நொடிப் பாட்டுக்கு 128 கிலோபிட்) வைத்ததும் கிட்டத்தட்ட 4 எம்பி ஆனது. ஆசை விடவில்லை, 320 வைத்தும் பார்த்தேன். பத்து எம்பியை நெருங்கியதே தவிர, குரலில் ஒரு மாற்றமும் இல்லை. சிடியில் ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிகிறார்கள். அந்த போன் அளந்தது 8,000 முறைதான். அளக்காததை எந்த மென்பொருள் கொண்டுவரும்?

ஒன்று மட்டும் புரியவில்லை. சித்தப்பா குரல் தெளிவாக இருக்கிறது. கூட அடித்த சட்டி மட்டும் தண்ணிக்குள் அடித்த மாதிரி கேட்கிறது.

— வண்ணாரப்பேட்டையிலிருந்து:
ஏஎம்ஆர் பேச்சுக்காகவே செய்தது. தொண்டையும் வாயும் சத்தம் எழுப்பும் விதத்தைக் கணக்கு போட்டுத்தான் சுருக்கும். சட்டிக்கு ஏது தொண்டை? எம்பி3 வேறு வழி: பலத்த சத்தத்துக்குப் பக்கத்தில் நம் காதுக்கு எட்டாத மெல்லிய சத்தங்களை விட்டுவிடும். இசைக்கு அது தாங்கும்.

— கொருக்குப்பேட்டையிலிருந்து:
எங்கள் வீட்டுக் கதை இதற்கு நேர்மாறு. பர்மா பஜாரில் நூற்றுக்கும் மேல் பாட்டுள்ள எம்பி3 சிடி ஒன்று வாங்கி வந்தோம். வீட்டு பிளேயர் சாதாரண ஆடியோ சிடிக்கானது, ஒரு பாட்டும் வரவில்லை. பிளேயர் மூடியில் எம்பி3 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கணும் என்று யாருக்குத் தெரியும்? அப்பா அந்த சிடியை முருங்கை மரத்தில் கிளி விரட்டக் கட்டிவிட்டார்.

— வண்ணாரப்பேட்டையிலிருந்து:
காசிமேடு தம்பி, எம்பி3 வந்துவிட்டது என்று அந்தப் பழைய ஃபைலை அழித்துவிடாதீங்க. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கொஞ்சம் கழியும். மூலம் அதுதான்.

— காசிமேடு:
அழிக்கலைண்ணே. மெமரி கார்டு சித்தி கிட்ட இருக்கு, மஞ்சள் துணியில முடிஞ்சு.