பச்சையாகவே இருந்த டாஷ்போர்டு: உங்கள் அனுபவங்கள்

இரவுப்பணி:
மூன்று மாதமாகியும் மனதை விட்டுப் போகவில்லை. அன்று ஆன்-கால் முறை, அதாவது கோளாறு வந்தால் எழுந்து பார்க்கிற பொறுப்பு, என்னுடையது. இரவு 2.30-க்கு வாடிக்கையாளர் சேவையிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார்: "பணம் கட்டினா போகலைன்னு நாற்பது பேர் சொல்லிட்டாங்க, அங்கே என்ன ஆச்சு?" சர்வர் அளவீடுகளை வரைபடமாகக் காட்டும் கிராஃபானாவைத் திறந்தேன். எல்லாம் பச்சை. வரிசையில் 42 கோரிக்கைகள், வழக்கமான அளவுதான். "எங்க பக்கம் சரியாத்தான் இருக்குக்கா" என்று வைத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. மறுபடி பார்த்தேன், 42. பத்து நிமிடம் கழித்தும் 42. கிராஃபைப் பின்னால் நகர்த்தினால் 12.40-லிருந்து ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல ஒரே நேர்கோடு. அந்த எண்ணைக் குறித்த நேரங்களில் தானாக அனுப்பும் கிரான் ஸ்கிரிப்ட் செத்துப்போயிருந்தது. அதை வாங்கி வைத்துக்கொள்ளும் இடைச் சேவையான புஷ்கேட்வே பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தது.

பழைய_அட்மின்:
ஆப்சென்ட் விதி, அதாவது தரவு வராவிட்டால் அலெர்ட் அடிக்கும் விதி, போடாததுதான் தப்பு. எங்களுக்கும் ஒரு எக்ஸ்போர்ட்டர் (அளவீடுகளை எடுத்துத் தரும் நிரல்) நின்று இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. தரவே இல்லையென்றால் சாதாரண விதிக்கு ஒப்பிட எதுவும் இருக்காது, அலெர்ட்டும் அடிக்காது.

மூன்றாம்_ஷிஃப்ட்:
அண்ணா, இங்கே ஆப்சென்ட் உதவாது. தரவு காணாமல் போகவில்லையே! புஷ்கேட்வே வாங்கிய எண்ணைத் தானாக மறக்காது. அளவீடுகளைச் சேகரிக்கும் பிராமிதியஸ் வந்து கேட்கும்போதெல்லாம் அதே 42-ஐப் புதிதுபோல எடுத்துக் கொடுக்கும். கடைசியாக எப்போது வாங்கியது என்பதை புஷ்_டைம்_செகண்ட்ஸ் என்ற அளவீட்டில் அதுவே சொல்கிறது. இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்து, ஐந்து நிமிடம் தாண்டினால் அலெர்ட் என்று வையுங்கள். உண்மையில் வரிசை நீளத்தை புஷ்கேட்வேக்கு அனுப்பவே கூடாது, ஒருமுறை ஓடி முடிகிற வேலைகளுக்குத்தான் அது. அப்புறம், எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் அலெர்ட் ஒன்று வைத்து, அது நின்றால் (கண்காணிப்பே விழுந்துவிட்டது என்று பொருள்) வெளியிலிருந்து போன் வரும்படி செய்யுங்கள். வெளியில் என்பது முக்கியம். 2017 பிப்ரவரி 28 அன்று வடக்கு வர்ஜீனியாவில் அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3 விழுந்தபோது, நிலைமைப் பக்கத்தைத் திருத்தும் கருவியும் எஸ்3-ஐயே நம்பியிருந்தது. சேவைகளின் நிலையை மாற்ற முடியாமல் ட்விட்டரில் அறிவித்தார்கள். எங்களுக்கும் கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் சர்வர்கள்) விழுந்த அன்று கண்காணிப்பும் அதற்குள்ளேயேதான் இருந்தது. ஒரு போன்கூட அடிக்கவில்லை, அந்த அமைதி இன்னும் நினைவிருக்கிறது.

இரவுப்பணி:
நன்றி, நேரக் கணக்கு விதியை நேற்றே போட்டுவிட்டேன். அந்த அக்கா இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை, நேராக மேனேஜருக்கே போடுகிறார்.