பொருள்: டிரையல்ஸ் சைக்கிள் பின்சக்கரம் – ‘அச்சுநழுவல்’, ‘முட்டுவில்லை’

காட்பாடியிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம்.

மிதிவண்டிக் கலைச்சொல் பட்டியலில் சக்கரப் பழுதுகளுக்கு நாம் வைத்திருக்கும் சொற்கள் போதவில்லை. டிரையல்ஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டால் இது உடனே தெரிகிறது. காலைத் தரையில் ஊன்றாமல் பாறை மேலும் கட்டை மேலும் தாவி ஏறும் போட்டி வண்டி அது. இருக்கை கிடையாது, கியரும் ஒன்றே ஒன்றுதான். செயினை இழுத்துப் பிடிக்கத் தனி உறுப்பு இல்லாததால், பின்சக்கரத்தையே பின்னால் இழுத்து வைத்துத்தான் செயின் தொய்வை எடுக்க வேண்டும். அதற்காகச் சட்டத்தின் பின்முனையில், ஆக்சில் உட்காரும் இடம் படுக்கைவாட்டில் நீண்ட பிளவாக இருக்கும். ஓட்டுபவர் பெடலை ஓங்கி உதைக்கும்போது ஆக்சிலின் வலது முனை அந்தப் பிளவில் முன்னால் வழுக்கி வந்துவிடும். சக்கரம் கோணும். டயரின் முன்பக்கம் இடதுபுறச் சட்டக்குழாயில் உரசும். செயின் தொய்ந்து பல் தாவும்.

இந்த வண்டியைக் கடைக்குக் கொண்டுபோய் ‘வீல் அவுட்’ என்று சொன்னால் மூன்றில் எதை வேண்டுமானாலும் அது குறிக்கும். ரிம் நெளிந்து ஆடுவது ஒன்று. அதற்குக் ‘கோட்டம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ஸ்போக்ஸ் ஒருபக்கம் இழுத்து, ரிம் ஹப்பின் நடுவை விட்டு விலகியிருப்பது இன்னொன்று. மூன்றாவது, ரிம்மும் ஸ்போக்ஸும் சரியாகவே இருந்து, ஆக்சில் மட்டும் நகர்ந்திருப்பது. மூன்றாவது பழுதுக்கு முதல் பழுதின் வைத்தியத்தைச் செய்து, ஸ்போக்ஸை முறுக்கி, நன்றாக இருந்த சக்கரத்தையும் கெடுத்துவிடுகிறார்கள். ஆகவே மூன்றுக்கும் மூன்று சொல் வேண்டும்: கோட்டம், நடுவிலகல், அச்சுநழுவல். ஆக்சில் உட்காரும் பிளவுக்கு ‘அச்சுவாய்’ என்று முன்மொழிகிறேன். ஸ்பேனரின் திறந்த பக்கத்தை வாய் என்கிறோமே, அதே வழக்குதான்.

இன்னொரு உறுப்புக்கும் சொல் தேவை. ஆக்சிலில் மாட்டி, விளிம்பில் பள்ளம் பள்ளமாக வெட்டி, சுற்றச் சுற்ற ஆரம் கூடிக்கொண்டே போகும் தகடு. சட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முளையில் இந்தத் தகடு முட்டி நின்று ஆக்சிலை முன்னால் வரவிடாமல் பிடிக்கும். ஆங்கிலத்தில் இதை ‘ஸ்நெயில் கேம்’ என்கிறார்கள்.

---

வேலூர், சத்துவாச்சாரியிலிருந்து:

கோட்டம், நடுவிலகல், அச்சுநழுவல் மூன்றையும் ஏற்கிறேன். அச்சுவாயும் நன்று. ‘அச்சு’ என்று தனியாகச் சொன்னால் அச்சிடுவதையும் குறிக்குமே என்று ஒருவர் கேட்கலாம். சக்கரப் பேச்சில் யாருக்கும் அந்தக் குழப்பம் வராது.

அந்தத் தகட்டுக்குப் புதுச்சொல் தேவையா என்பது என் ஐயம். ‘கேம்’ என்பதற்கு ‘நெம்புருள்’ என்ற சொல் பொறியியல் தமிழில் ஏற்கெனவே புழங்குகிறது. ‘நத்தை நெம்புருள்’ என்றாலே போதாதா?

---

ராணிப்பேட்டையிலிருந்து (லேத் பட்டறை):

ஐயா, நெம்புருள் இங்கே பொருந்தாது. என்ஜினில் கேம் சுழன்றுகொண்டே இருந்து வால்வை நெம்பும். இந்தத் தகடு ஓட்டும்போது சுழலவே கூடாது. சுழன்றால் அதுவே பழுது. இதன் வேலை தடுத்து நிற்பது மட்டும். பாரம் ஏற்றிய வண்டிச் சக்கரத்துக்குக் கல்லை வைத்து ‘முட்டு கொடு’ என்கிறோம், சாயும் சுவருக்கும் முட்டுக் கொடுக்கிறோம். தட்டையாக வட்டமாக இருப்பது வில்லை. ‘முட்டுவில்லை’ என்றால் வேலையும் வடிவும் இரண்டும் வந்துவிடும். அது போய் மோதும் முளைக்கு ‘முட்டுமுளை’.

எவ்வளவு சுமையைத் தடுக்கிறது என்று பார்த்தால் இந்தச் சொல்லின் நியாயம் விளங்கும். 20 அங்குல டிரையல்ஸ் வண்டியில் முன்னால் 18 பல், பின்னால் 12 பல் என்பது வழக்கமான அமைப்பு. செயின் கண்ணியின் இடைவெளி 12.7 மி.மீ.; ஆக 18 பல் சக்கரத்தின் ஆரம் சுமார் 36 மி.மீ. கிராங்க் நீளம் 170 மி.மீ. என்று வையுங்கள். பெடலில் 70 கிலோ ஏறி நின்றாலே செயினில் 330 கிலோ இழுப்பு வரும். தாவுவதற்காக ஹேண்டிலைப் பிடித்து இழுத்து உதைக்கும்போது பெடலில் உடல் எடையைப் போல் இருமடங்கு வரலாம். அப்போது செயினில் 650 கிலோவுக்கு மேல். செயின் வலது ஓரத்தில் ஓடுவதால் இதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 520 கிலோ, வலது அச்சுவாயில் மட்டும் விழுகிறது. இடது பக்கம் நகராமல் வலது பக்கம் மட்டும் வழுக்குவதன் காரணம் இதுதான்.

இப்போது நட்டின் பிடியைப் பாருங்கள். எம் 10 நட்டை, அதாவது 10 மி.மீ. மரை நட்டை, 40 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் சுமார் 2000 கிலோ இறுக்கம் கிடைக்கும். அச்சுவாயின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் சேர்த்து இரண்டு முகங்கள். பெயிண்ட் பூசிய வழுவழுப்பான முகத்தில் உராய்வு எண் 0.15 என்று கொண்டால், தடுக்கும் திறன் 600 கிலோ. 520-க்கும் 600-க்கும் இடையில் இருப்பதுதான் மொத்தப் பாதுகாப்பு. அதே நட்டை 25 நியூட்டன் மீட்டரோடு விட்டால் திறன் 375 கிலோ. முதல் உதையிலேயே வழுக்கும். ஆகவே உராய்வை மட்டும் நம்பி டிரையல்ஸ் ஓட்ட முடியாது. முட்டு இருந்தே தீர வேண்டும்.

---

சத்துவாச்சாரியிலிருந்து:

முட்டுவில்லைக்கு என் முழு ஒப்புதல். நெம்புருளைத் திரும்பப் பெறுகிறேன். பட்டியலில் பொருள் விளக்கத்தோடு சரிசெய்யும் முறையும் இருந்தால் படிப்பவர் சொல்லைக் கையோடு பயன்படுத்துவார். காட்பாடித் தம்பி எழுதித் தர வேண்டும்.

---

காட்பாடியிலிருந்து:

எழுதியிருக்கிறேன் ஐயா. பட்டறை அண்ணன் சரிபார்க்க வேண்டும்.

முதலில் நோய் எது என்று உறுதிசெய்ய வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் ரிம் ஆடினால் அது கோட்டம். ஆடாமல் ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றால், சக்கரத்தைக் கழற்றி இடம் வலம் மாற்றி மாட்டிப் பார்க்கவும். ஒதுங்கல் மறுபக்கத்துக்கு மாறினால் நடுவிலகல். டயர் முன்னால் இடப்பக்கமும் பின்னால் வலப்பக்கமும் சாய்ந்திருந்தால் அச்சுநழுவல். வலது முனை 1 மி.மீ. முன்னேறினாலே, ஹப் அகலம் 116 மி.மீ. உள்ள வண்டியில் டயரின் முன்விளிம்பு 2 மி.மீ.க்கு மேல் இடதுபுறம் போய்விடும். கனமான 2.5 அங்குல டயருக்கும் குழாய்க்கும் இடையில் இருப்பது சில மி.மீ. தான். ரிம் பிரேக்காக இருந்தால் ஒரு கட்டை முன்னதாகவே தொடும்; லீவர் பிடியில் இது முதலிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து அச்சுவாயின் முகங்கள். வாஷர் உட்காரும் வட்டத்தில் மட்டும் பெயிண்டை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து உலோகம் தெரியவைக்கவும். அலுமினியச் சட்டத்தில் அரம் போடக் கூடாது. தடிமன் குறைந்தால் அந்த இடத்தில் விரிசல் விடும். முகங்களைத் தின்னரில் துடைத்து எண்ணெய்ப் பசை இல்லாமல் வைக்க வேண்டும். மரைக்கு மட்டும் ஒரு துளி கிரீஸ். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முகத்தில் கிரீஸ் பிதுங்கி நிற்கும், மரை காய்ந்து கிடக்கும். பாலாற்றுப் படுகையில் ஓட்டுபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நுண்மணல் மரையில் புகுந்தால் ஸ்பேனர் கைக்கு இறுகியதாகத் தெரியும், ஆனால் முறுக்கு முழுவதும் மரை உராய்விலேயே போய்விட்டிருக்கும். அச்சுவாயில் பிடி விழுந்திருக்காது. மாட்டும் முன் நட்டை விரலால் கடைசி வரை சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் பிரஷ் போட்டுக் கழுவவும்.

வாஷரின் பல் வெட்டிய பக்கம் அச்சுவாயைப் பார்க்க வேண்டும். பல் மழுங்கிய வாஷரைத் தூக்கிப் போடுங்கள்.

இரு பக்கமும் முட்டுவில்லையை ஒரே எண்ணுள்ள பள்ளத்தில் முட்டுமுளையோடு பொருத்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்துப் பிடித்து, செயின் நடுவில் மேலும் கீழுமாக மொத்தம் 10 மி.மீ. ஆடும்படி வைக்கவும். முதலில் வலது நட்டைப் பாதி இறுக்கி, டயரைக் குழாய்களுக்கு நடுவில் நிறுத்தி, இடது நட்டை இறுக்கி, பிறகு இரண்டையும் முழு முறுக்குக்குக் கொண்டுவரவும். அளவு காட்டும் ஸ்பேனர் இல்லாதவர்கள் 20 செ.மீ. நீளமுள்ள 15 நம்பர் ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ அழுத்தினால் ஏறக்குறைய 40 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். அரை மணி ஓட்டியதும் மறுபடி இறுக்கவும். வாஷர் பல் உலோகத்தில் பதிந்ததும் இறுக்கம் சற்றுத் தளரும்.

---

ஆம்பூரிலிருந்து:

ஓரிடத்தில் மட்டும் உடன்பாடு இல்லை. ‘ஒரே எண்ணுள்ள பள்ளம்’ என்பதை விதியாக எழுதக் கூடாது. வெல்டிங்கில் இரு முட்டுமுளைகளும் அரை மி.மீ. முன்பின்னாக இருந்தாலே எண்ணை நம்பினால் சக்கரம் கோணும். எண் தொடக்கத்துக்குத்தான், முடிவு சொல்ல வேண்டியது டயருக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள இடைவெளி.

இன்னொன்று. சில ஹப்களில் ஆக்சில் உள்ளே குழலாக இருந்து, பக்கத்துக்கு ஒரு எம் 6 போல்ட் மட்டும் வரும். அவற்றில் 40 நியூட்டன் மீட்டர் போட்டால் போல்ட் தலை முறிந்து கையோடு வரும். 10 நியூட்டன் மீட்டர் போட்டாலும் கிடைக்கும் இறுக்கம் எம் 10 நட்டு தருவதில் பாதிகூட இல்லை. அந்த ஹப்களில் உராய்வின் பங்கு கொஞ்சம்தான், வண்டி நிற்பது முட்டுவில்லையில். இதை விளக்கத்தில் தனியாகச் சொல்ல வேண்டும்.

---

ராணிப்பேட்டையிலிருந்து:

ஆம்பூர்த் தம்பி சொன்ன இரண்டும் சரி. முட்டுவில்லை நழுவும் விதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தில் முழுதாக உட்காராமல் இரண்டு பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேட்டில் முளை நின்றால், முதல் உதையில் அது சிறிய ஆரத்துப் பள்ளத்துக்கு விழும். செயின் திடீரென்று தொய்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பள்ளம் இடம் கொடுக்காவிட்டால் செயினில் அரைக்கண்ணி சேர்க்கவும் அல்லது எடுக்கவும். ஆக்சில் 6 மி.மீ. அளவு இடம் மாறி வேறு பள்ளம் சிக்கும். முட்டுமுளையாகச் சாதாரண இரும்பு போல்ட் போட்டால் வளையும், தலையில் 8.8 என்று வலுவின் தரம் பொறித்ததைப் போடவும். வில்லையின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அந்தத் தேய்மானம் முழுவதும் அச்சுநழுவலாக வந்து சேரும். பட்டறையில் புதிதாகச் செய்பவர்கள் 4 மி.மீ. ஈஎன் 8 எஃகுத் தகட்டில், ஆக்சிலை விட 0.1 மி.மீ. மட்டும் பெரிய துளை போட்டு, பள்ளத்துக்குப் பள்ளம் 0.75 மி.மீ. ஆரம் ஏறும்படி 12 பள்ளம் வெட்டினால் 8 மி.மீ.க்கு மேல் சரிசெய்ய இடம் கிடைக்கும். இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கவ்வி ஒரே வெட்டில் எடுக்கவும். தனித்தனியாக வெட்டினால் எண் ஒத்துவராது.

---

சத்துவாச்சாரியிலிருந்து:

பட்டியலில் ஏறும் வடிவம்:

அச்சுவாய் – சக்கர ஆக்சில் உட்காரும் சட்டப் பிளவு.
அச்சுநழுவல் – ரிம்மும் ஸ்போக்ஸும் சரியாக இருக்க, ஆக்சிலின் ஒரு முனை அச்சுவாயில் நகர்ந்து சக்கரம் கோணுதல். கோட்டம், நடுவிலகல் இரண்டிலிருந்தும் வேறானது.
முட்டுவில்லை – ஆக்சிலில் மாட்டி, முட்டுமுளையில் மோதி அச்சுநழுவலைத் தடுக்கும், ஆரம் ஏறும் பள்ளத் தகடு.
முட்டுமுளை – முட்டுவில்லையைத் தாங்கும் சட்ட முளை.

---

காட்பாடியிலிருந்து:

ஒரு திருத்தம் ஐயா. ‘நகர்ந்து’ என்பதை ‘செயின் இழுப்பால் முன்னோக்கி நகர்ந்து’ என்று மாற்றுங்கள். கடைக்காரர் எந்தப் பக்க நட்டை முதலில் பார்க்க வேண்டும் என்பது அந்தச் சொற்களில் வந்துவிடும். மற்றபடி ஒப்புதல்.