மறு: மறு: சர்வைவல் ஹாரர்: பதினாறு இடத்துக்குள் ஒரு சொல்

தும்பை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு கணினி விளையாட்டுக் கடையின் வகைப் பட்டியலை வெள்ளிக்கிழமை மாலைக்குள் தமிழில் கொடுத்தாக வேண்டும். மூன்று மட்டும் தொண்டையில் நிற்கின்றன: சர்வைவல் ஹாரர் (பயமுறுத்தும் இடத்தில் இருப்பதை வைத்து உயிர்பிழைக்கும் ஆட்டம்), ஹாரர் காமெடி, அப்புறம் இப்படி வகை கலந்தவற்றுக்கெல்லாம் மேலே போடும் தலைப்பு. பொத்தானில் 16 இடம்தான். அதுவும் நாம் எண்ணும் எழுத்து அல்ல. ‘திகில்’ நமக்கு மூன்றெழுத்து, மென்பொருளுக்கு ஆறு. உயிர்மெய்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிக்கொள்கிறது. நேற்று ‘உயிர்பிழைத் திகில்’ என்று போட்டேன். 18. ‘உயிர்பிழைத் திகி’ என்று வெட்டுப்பட்டு நின்றது.

பழுவூரான் எழுதியது:

அம்மா தும்பை, திகில் எதற்கு? எண்வகை மெய்ப்பாட்டில் அச்சம் இருக்கிறது. அது எதனால் வரும் என்றும் தொல்காப்பியர் சொல்லிவிட்டார்: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறைஎனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.’ உங்கள் விளையாட்டுகளில் வருவதும் இந்த நான்குதானே? பேய், மிருகம், கொள்ளைக்காரன், ஆட்டிப்படைக்கும் ஒரு தலைவன். ஆகவே சர்வைவல் ஹாரருக்கு ‘உய்வச்சம்’. உய்வு + அச்சம். உங்கள் மென்பொருள் கணக்கிலும் ஒன்பதுதான் வருகிறது, விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஹாரர் காமெடிக்கு ‘நகையச்சம்’. தலைப்புக்கு ‘திணைமயக்கம்’, அதாவது திணைகள் கலப்பது; ‘திணைமயக் குறுதலும் கடிநிலை இலவே’ என்று அனுமதியும் இருக்கிறது.

நிரலி எழுதியது:

ஐயா, ‘நகையச்சம்’ என்று அம்மாவிடம் சொன்னேன். “ஆமாம்டா, லாக்கர் சாவியை எங்கே வைத்தாய்?” என்றார். ‘உய்வச்சம்’ என்றால் உயரத்தைப் பார்த்து வரும் பயமா என்று என் மகன் கேட்கிறான். அவன்தான் இந்த ஆட்டங்களை ஆடுகிறவன்.

மயக்கமும் சரிப்படாது. பேய் விளையாட்டில் ‘மயக்கம்’ என்று பொத்தான் இருந்தால், அழுத்தியதும் ஆள் பொத்தென்று விழுவான் என்றுதான் நினைப்பார்கள்.

ஓசூரான் எழுதியது:

‘திகில்’ தமிழ்ச்சொல் இல்லை என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். கன்னடத்தில் ‘திகிலு’ என்றால் அச்சம். தெலுங்கில் ‘திகுலு’ என்றால் கவலை. எங்கள் தெருவில் மூன்று மொழியும் புழங்கும்; பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பாட்டிக்குத் திகுலு, எதிர்வீட்டுக் கன்னடக்காரருக்குத் திகிலு, எனக்குத் திகில். திகை, திகைப்பு, திகில் என்று வரிசைப்படுத்தத் தோன்றுகிறது. திகைத்து நின்றால் திசை தெரியாது, ஆகவே திசைக்கும்...

பழுவூரான் எழுதியது:

தம்பி, திசை வேண்டாம். திசை வடசொல்.

கரவெட்டியான் எழுதியது:

வணக்கம். எங்கட ஊரில் ‘பேயன்’ என்றால் முட்டாள். ‘பேய்க்காய்’ என்றால் மகா கெட்டிக்காரன். பேயை வைத்துச் சிரிக்கிறதும் மெச்சுகிறதும் எங்களுக்குப் பழக்கம்தான். ஆனபடியால் ஹாரர் காமெடிக்குப் ‘பேய்ச்சிரிப்பு’ போதும், சனத்துக்கு விளங்கும்.

பழைய உதாரணம் வேணுமென்றால் கலிங்கத்துப்பரணியைப் பாருங்கோ. பெண்களைக் கதவு திறக்கச் சொல்லும் கடைதிறப்புப் பகுதியில் சிருங்காரம், பிறகு வெந்து காய்ந்த காடு, வீரர்கள் தலையைத் தாங்களே அரிந்து கொடுக்கும் காளி கோயில், பசியில் புலம்பும் பேய்கள், பிறகு போர், கடைசியில் போர்க்களத்தில் கூழ். அந்தக் கூழைச் சமணப் பேய்க்கு எப்படி ஊற்றச் சொல்கிறார் செயங்கொண்டார்? அது ஒரு பொழுதுதான் உண்ணும், ஆகவே மயிர் கிடக்கிறதா என்று பார்த்து, நிணத்துகிலால் (கொழுப்புத் துணியால்) வடித்து ஊற்றச் சொல்கிறார். பிணக்கூழ் குடிக்கிற பேய்க்கு ஆசாரம்! தொள்ளாயிரம் வருசத்துக்கு முந்தின ஹாரர் காமெடி இது.

தும்பை எழுதியது:

சமணப் பேயை அச்செடுத்து மேசைமேல் ஒட்டிவிட்டேன். ஆனால் பேயே இல்லாத ஹாரர் காமெடிக்கும் இதே பொத்தான்தான். பேய்ச்சிரிப்பு அங்கே பொய்யாகிவிடும்.

எனக்கு உறுத்துவது வேறு. தமிழ்த் தொகையில் பின்னால் வருவதுதான் தலை. ‘திகில் நகைச்சுவை’ என்றால் திகில் கலந்த நகைச்சுவை. திருப்பிப் போட்டால் பயம்தான் பிரதானம், சிரிப்பு ஊறுகாய். 2004-இல் வந்த ஷான் ஆஃப் தி டெட் படத்தின் விளம்பர வாசகமே ‘ஒரு காதல் நகைச்சுவை. கூடவே ஜாம்பிகள்’ என்ற பொருளில்தான் இருந்தது. தலை எது, வால் எது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். 1979-இன் ஏலியனில் விண்கலத்தை எடுத்துவிட்டு ஒரு சரக்குக் கப்பலை வைத்தாலும் பயம் அப்படியே இருக்கும். ஆகவே அங்கே திகில்தான் தலை: ‘அறிபுனைத் திகில்’. அதுவும் சரியாக 16.

நிரலி எழுதியது:

நம்மூர்ப் பேய்ப்படத்துக்கு இந்த அளவுகோல் செல்லாது. காஞ்சனாவை (2011) எடுத்துக்கொள்ளுங்கள். பேய்க்குப் பயந்து அம்மாவை ஒட்டிக்கொள்ளும் ஆண்பிள்ளையை வைத்து முதல் பாதி முழுக்கச் சிரிக்க வைப்பார்கள். அப்புறம் முன்கதை, அழுகை, பழிவாங்கல். இடைவேளையில் டீ குடித்துவிட்டு வந்தால் தலை மாறியிருக்கும். பண்புத்தொகை என்று எடுப்பதா, உம்மைத்தொகையா?

பழுவூரான் எழுதியது:

உம்மைத்தொகை. அதற்குத்தான் திணைமயக்கம் என்றேன். அந்த நூற்பாவின் இரண்டாம் பாதியைப் பாருங்கள்: ஒழுக்கம் மயங்கலாம், நிலம் மயங்கக் கூடாது. முல்லைக் காட்டில் நெய்தலின் இரங்கல் வரலாம். காட்டுக்குள் கடல் வரக் கூடாது. படத்துக்கும் அதுதான் விதி. பேய் பங்களாவில் சிரிக்கலாம், ஆனால் பங்களா பங்களாவாக இருக்க வேண்டும். பாட்டுக்கு வெளிநாட்டுக்குப் போனால் பயம் போய்விடும்.

ஓசூரான் எழுதியது:

ஐயா சொன்னதில் இது ஒன்றை மட்டும் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன்.

நிரலி எழுதியது:

சர்வைவல் ஹாரருக்கு வருவோம். புதன்கிழமை ஆகிவிட்டது. இந்தப் பெயரைப் பரப்பியது 1996-இல் கேப்காம் வெளியிட்ட ரெசிடென்ட் ஈவில். அதில் பேய் இல்லை, நடமாடும் பிணம்தான். ஆனால் உண்மையான பயம் பையில் இருக்கிறது. கிறிஸாக ஆடினால் ஆறு பொருள் வைக்க இடம், ஜில்லாக ஆடினால் எட்டு. தோட்டா அரிது. ஆட்டத்தைச் சேமிக்கத் தட்டச்சுப்பொறி வேண்டும், அதற்கு மை நாடா வேண்டும், நாடாவும் எண்ணிக்கைதான். கதவுக்கு அப்பால் பிணம் முனகுகிறது. நீங்கள் துப்பாக்கியை வைப்பதா, மூலிகையை வைப்பதா, சாவியை வைப்பதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஆகவே ‘பிழைப்பச்சம்’ என்று எழுதிப் பார்த்தேன். பிழைப்பைப் பற்றிய அச்சம் என்றால் அது எனக்கு மாதம் 25-ஆம் தேதி வருவது என்பதால் அழித்துவிட்டேன்.

தும்பை எழுதியது:

ஏன் அழித்தீர்கள்? இருப்பது ஆறு இடம், வேண்டியது ஒன்பது பொருள், சம்பளம்... மன்னிக்கவும், தோட்டா வர இன்னும் மூன்று அறை தாண்ட வேண்டும். அதுதான் பிழைப்பு. ‘உய்வு’ என்றதும் முக்தி ஞாபகம் வருகிறது. ‘பிழைப்பு’ என்றதும் கையிருப்பு ஞாபகம் வருகிறது. ‘பிழைப்புத் திகில்’. எண்ணினேன்: 17.

நிரலி எழுதியது:

அந்த ‘த்’தை எடுத்துவிடுங்கள். 15.

பழுவூரான் எழுதியது:

யார் எடுப்பது? பிழைப்பு வன்தொடர்க் குற்றியலுகரம். அதன்பின் வல்லினம் மிக்கே தீரும். ஒரு பொத்தானுக்காக ஒற்றை விற்காதீர்கள்.

கரவெட்டியான் எழுதியது:

ஒற்று இருக்கட்டும், இடைவெளியை எடுங்கோ. தொகைச்சொல்தானே, சேர்த்து எழுதினால் என்ன? ‘பிழைப்புத்திகில்’. 16.

தும்பை எழுதியது:

சேர்த்து எழுதினேன். இம்மியும் மிச்சமில்லாமல் உட்கார்ந்துகொண்டது. ஹாரர் காமெடிக்குத் ‘திகில் நகைச்சுவை’. தலை மாறும் படங்கள் மன்னிக்கட்டும். தலைப்புக்கு ‘வகைமைக் கலப்பு’. கலப்பு என்றால் பாலில் தண்ணீர் நினைவு வருகிறது என்று தனிமடலில் இருவர் சொன்னார்கள். வேறு சொல்லும் அவர்கள் தரவில்லை. கோப்பை அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

பழுவூரான் எழுதியது:

அனுப்பியது அனுப்பியதுதான். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்: ‘பிழை’ என்றால் தவறு என்றும் பொருள் உண்டு. பொத்தானில் முதலில் கண்ணில் படுவது அதுதான். கணினிக்காரர் வீட்டிலேயே யாருக்கும் இது தோன்றவில்லையா? நான் ‘உய்வச்சம்’ என்றே எழுதுவேன்.

நிரலி எழுதியது:

ஐயா, தோன்றியது. மகன் திரையைப் பார்த்ததும் “அப்பா, ஏதோ எரர் வந்திருக்கு” என்றான். வெள்ளிக்கிழமை என்பதால் சொல்லவில்லை.

ஓசூரான் எழுதியது:

கொஞ்சம் தாமதம்தான். திகைக்கும் திகிலுக்கும் நடுவில் ஒரு சொல் கிடைக்கும் போலிருக்கிறது. ஞாயிறு எழுதுகிறேன்.