புதுப்பிப்பு: வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்துவிட்டேன்

முதுகலைக்குப் பிறகு வரலாற்றிலேயே முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டேன். பஞ்சத்தைப் பற்றி அகலமாக வைத்திருந்த தலைப்பை, ஒரே மாவட்டத்து மனுக்களாகக் குறுக்கச் சொன்னார் நெறியாளர். மனம் சுணங்கியது. ஆவணக் காப்பகத்தில் ஒரு மனுவைப் பிரித்தபோதுதான் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிந்தது: ஓரத்தில், பென்சிலால், வேறொரு கையெழுத்தில் ‘தேவையில்லை’ என்று ஒரே சொல். எழுதியவர் யார், எந்த அதிகாரத்தில்? இரண்டு வாரம் அதிலேயே போனது. இளங்கலையில் இப்படியொரு கேள்வியே எனக்குத் தோன்றியதில்லை.

1929இல் மார்க் பிளாக், லூசியன் ஃபெவ்ர் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர்கள் தொடங்கிய ‘அனால்’ என்ற வரலாற்று இதழ், அரசியலையும் போர்களையும் தாண்டிச் சமூக, பொருளாதார வாழ்வைப் பார்க்கச் சொன்னதன் அருமை இப்போதுதான் உறைக்கிறது.

உதவித்தொகை உறுதியாகாமல் சேராதே என்று எச்சரித்தவர்களுக்கு நன்றி. அது கிடைத்த பிறகே சேர்ந்தேன்.