குறுவிண்மீன் மண்டலங்களின் வேதியியல்: பல விண்மீன்களை மேலோட்டமாக அளப்பதா, சிலவற்றை நுணுக்கமாக அளப்பதா?

மேலூர் வானோக்கி:
நம் பால்வீதிக்கு அருகே உள்ள ஸ்கல்ப்டர் போன்ற குறுவிண்மீன் மண்டலத்தின் (அளவில் சிறிய விண்மீன் மண்டலத்தின்) வரலாற்றை அறிய நூற்றுக்கணக்கான விண்மீன்களை அளந்தே ஆக வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஏறத்தாழ 2,80,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அதன் சிவப்புப் பெருமீன்கள் (முதுமையில் ஊதிப் பெருத்த விண்மீன்கள்) நமக்கு மிக மங்கலாகவே தெரிகின்றன. அந்த ஒளியை நிறமாலையாக மேலும் மேலும் நுணுக்கிப் பிரித்தால் கருவிக்கு எஞ்சுவது சொற்பமே. ஆனால் 849.8, 854.2, 866.2 நானோமீட்டர் அலைநீளங்களில் உள்ள மூன்று கால்சியக் கோடுகள் (நிறமாலையில் கால்சியம் பதிக்கும் இருண்ட கோடுகள்) அழுத்தமானவை என்பதால், குறைந்த ஒளியிலும் அவற்றை அளந்து இரும்பின் அளவைக் கணித்துவிடலாம்; தலைமுறைதோறும் இரும்பு கூடுவதால் அதுவே வரலாற்றைக் காட்டும்.

பசுமலை ஆசிரியை:
ஐயா, அந்தக் கணிப்பு கோளக் கொத்துகளின் (உருண்டையாகத் திரண்ட பழைய விண்மீன் கூட்டங்களின்) விண்மீன்களைக் கொண்டு தரப்படுத்தப்பட்டது; இரும்பு மிக மிகக் குறைந்த விண்மீன்கள் அவற்றில் இல்லை. அதனால்தான், சூரியனின் இரும்பில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள விண்மீன்கள் இம்மண்டலங்களில் இல்லை என்று 2006இல் கருதப்பட்டது. ஆனால் 2010இல் ஸ்கல்ப்டரிலேயே ஏறத்தாழ ஆறாயிரத்தில் ஒரு பங்கு இரும்பு கொண்ட விண்மீன் உயர்பிரிதிறன் நிறமாலையால் (ஒளியை மிக நுணுக்கமாகப் பிரித்து அளப்பதால்) உறுதியானது.

மேலூர் வானோக்கி:
அதே ஆண்டில் கால்சிய அளவீடும் மறுபடி தரப்படுத்தப்பட்டதே, அம்மா. மேலும், தாங்கள் சொல்லும் விண்மீனை முதலில் அடையாளம் காட்டியது 388 விண்மீன்களை நடுத்தரப் பிரிதிறனில் அளந்த ஆய்வுதான்.

பசுமலை ஆசிரியை:
அந்த ஆய்வு மூன்று கால்சியக் கோடுகளை நம்பவில்லை. இரும்பின் கோடுகளையே நேரடியாக அளந்ததோடு மெக்னீசியம், டைட்டானியம் முதலியவற்றையும் அளந்தது. இரும்பு மட்டும் போதாது என்பதே என் வாதத்தின் மையம். பெருநிறை விண்மீன்கள் விரைவில் வெடித்து மெக்னீசியத்தைப் பரப்புகின்றன. வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்த சிறு விண்மீனின் எச்சம்) வெடிப்புகள் காலம் தாழ்த்தி வந்து இரும்பைச் சேர்க்கின்றன. ஸ்கல்ப்டரில் மெக்னீசிய-இரும்பு விகிதம் நம் பால்வீதியைவிடக் குறைந்த இரும்பளவிலேயே சரியத் தொடங்குவது, அங்கே விண்மீன் பிறப்பு மந்தமாக நடந்ததைக் காட்டுகிறது. நம் பக்கத்துக் கோடைக்கானலில் 1909இல் வானியலாளர் எவர்ஷெட் சூரியக் கறைகளில் வளிம ஓட்டத்தைக் கண்டதும் கோடுகளின் நுண்ணிய விலகலை அளந்ததால்தான்.

மேலூர் வானோக்கி:
சூரியனிடம் ஒளிக்குப் பஞ்சமில்லை. அந்த எடுத்துக்காட்டு இங்கே பொருந்தாது.

பசுமலை ஆசிரியை:
அப்படியானால் ரெட்டிக்குலம் இரண்டு என்ற மற்றொரு குறுவிண்மீன் மண்டலத்தைப் பாருங்கள். 2016இல் அதன் 9 விண்மீன்களை நுணுக்கமாக அளந்தபோது 7 விண்மீன்களில் யூரோப்பியம் போன்ற கனமான தனிமங்கள் மிகுந்திருந்தன. அரிதான ஒரே நிகழ்வு அவற்றை உண்டாக்கியது என்ற முடிவுக்கு அந்த 9 போதுமானதாக இருந்தது.

மேலூர் வானோக்கி:
அம்மண்டலம் மிகச் சிறியது. ஒரே நிகழ்வு அதன் வளிமம் முழுவதையும் மாற்றிவிட முடியும். நெடுங்காலம் விண்மீன்களைப் பிறப்பித்த ஸ்கல்ப்டரில் முந்தைய தலைமுறையையும் பிந்தையதையும் 9 விண்மீன்களால் பிரித்தறிய முடியாது என்பதில் நான் உறுதியாகவே இருக்கிறேன்.