ஆடும் கவர்னர், அசையாத கவர்னர்: நீராவி எஞ்சின் வேகக் கட்டுப்பாடு பற்றிய அனுபவங்கள்

பித்தளைப்புஷ்:

கவர்னர் என்பது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் குண்டுகள்; வேகம் ஏறினால் அவை விரிந்து, அச்சில் வழுக்கும் ஸ்லீவ் என்ற வளையத்தைத் தூக்கி நீராவியைக் குறைக்கும். எஞ்சின் வேகம் நிலைக்கவில்லை என்றதும் எல்லாரும் முதலில் கை வைப்பது கவர்னரின் ஸ்பிரிங்கில், இல்லாவிட்டால் எடையில். அங்கே போகாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு, லோடை மாற்றாமல், ஸ்லீவை மட்டும் கொஞ்ச நேரம் கவனியுங்கள்.

ஸ்லீவ் அசையாமல் நிற்க, வேகம் மெல்ல ஏறி, அப்புறம் ஸ்லீவ் ஒரே குதியாகக் குதித்தால் எங்கோ இறுக்கம் இருக்கிறது. மேல் ஸ்டாப்பருக்கும் கீழ் ஸ்டாப்பருக்கும் நடுவே தாளம் தப்பாமல் போய்வந்துகொண்டே இருந்தால் அது ஹன்டிங். க்ராங்க் ஒரு சுற்று வரும்போதெல்லாம் ஸ்லீவ் துடித்தால் அந்த வேலைக்கு உங்கள் பிளைவீல் (வேகத்தைச் சீராக்கும் கனச் சக்கரம்) போதவில்லை. துடிப்பு க்ராங்கோடு சேராமல், கவர்னர் பெல்ட் ஒரு முழுச் சுற்று வரும்போதெல்லாம் வந்தால் பெல்ட் இணைப்பு தடித்திருக்கிறது. அதை வெட்டிச் சன்னமாகச் சீவி ஒட்டித் தைத்தால் சரியாகிவிடும்.

இறுக்கத்தைக் கையால் தள்ளிப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது, அளக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி மெயின் ஸ்டீம் வால்வை மூடுங்கள். ஸ்லீவைத் தாங்கும் லிவரில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி மெதுவாக மேலே இழுங்கள். நகரும்போது தராசு காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தைத் தாண்டிக் கீழே இறங்கும்போது காட்டுவதையும் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் உராய்வு. பிறகு வால்வுக்குப் போகும் ராடின் பின்னைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்தால், அதில் கவர்னரின் பங்கு எவ்வளவு, வால்வின் பங்கு எவ்வளவு என்று பிரிந்துவிடும்.

பெரும்பாலும் வால்வு பக்கம்தான் வரும். அதிலும் கிளாண்ட், அதாவது வால்வுத் தண்டான ஸ்பிண்டிலைச் சுற்றி நீராவி கசியாமல் அடைக்கும் பகுதி. நீராவி கசிகிறதே என்று யாரோ நட்டை இன்னும் இரண்டு சுற்று முறுக்கியிருப்பார்கள். கவர்னர் வால்வின் கிளாண்ட் நட்டு விரலால் திருகும் இறுக்கத்துக்கு மேல் போகக் கூடாது. லேசாகக் கசிந்தால் கசியட்டும். அடங்கவே இல்லை என்றால் பழைய பேக்கிங்கைத் துளி மிச்சமில்லாமல் தோண்டி எடுத்து, ஸ்பிண்டிலில் பள்ளம் விழுந்திருக்கிறதா பார்த்து, மெருகேற்றிவிட்டு, கிராஃபைட் பேக்கிங் வளையங்களை வெட்டுவாய் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி போடுங்கள். பழசின் மேலேயே ஒரு வளையம் சேர்த்துத் திணிப்பது கசிவை நிறுத்தும், கவர்னரையும் சேர்த்தே நிறுத்தும்.

மில்பெல்ட்:

மேலே சொன்ன உராய்வு எவ்வளவு கெடுதல் செய்யும் என்பது கவர்னரின் வகையைப் பொறுத்தது. கணக்கு எளிது. ஸ்லீவைப் பிடித்துவைத்தபடி வேகத்தை 1 சதவீதம் ஏற்றினால், ஸ்லீவைத் தூக்கக் கிடைக்கும் விசை, ஒரு குண்டின் எடையும் நடு எடையும் (ஸ்லீவின் மேல் உட்காரும் எடை) சேர்ந்த தொகையில் 2 சதவீதம். (கைகளும் லிங்க்குகளும் சம நீளம், இரண்டும் அச்சில் மாட்டியவை என்று வைத்துக்கொள்வோம்.)

குண்டு ஒவ்வொன்றும் 3 கிலோ உள்ள சாதாரண வாட் கவர்னரில் நடு எடை கிடையாது. 1 சதவீத வேக மாற்றத்துக்கு ஸ்லீவில் கிடைப்பது 60 கிராம் எடை அளவு விசை. கிளாண்ட் உராய்வு அரை கிலோ என்றால் எஞ்சின் வேகம் 8 சதவீதத்துக்கு மேல் மாறினால்தான் ஸ்லீவ் அசையவே தொடங்கும். இறங்கும்போதும் அதே கதை. அதே குண்டுகளோடு நடுவில் 24 கிலோ எடை ஏற்றிய போர்ட்டர் கவர்னரில் அந்த அரை கிலோவை 1 சதவீதத்துக்கும் குறைவான மாற்றமே வென்றுவிடும்.

குண்டின் எடையைக் கூட்டினால் வாட் கவர்னர் வேறு வேகத்தில் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. கைகள் தொங்கும் புள்ளிக்கும் குண்டுகள் சுழலும் தளத்துக்கும் உள்ள உயரம் சுழற்சி வேகத்தை மட்டுமே சார்ந்தது. 895-ஐ நிமிடச் சுற்றின் வர்க்கத்தால் வகுத்தால் அந்த உயரம் மீட்டரில் வரும். 60 சுற்றில் 249 மி.மீ., 62 சுற்றில் 233 மி.மீ. உயரம் 16 மி.மீ. குறைந்தால் ஸ்லீவ் அதைப் போல இரு மடங்கு, 32 மி.மீ. போல ஏறும், த்ராட்டிலைத் திருப்ப அது தாராளம். இதுவே 300 சுற்று என்றால் மொத்த உயரமே 10 மி.மீ.தான். 310-க்குப் போனாலும் அதில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது. அங்கே வாட் கவர்னர் வெறும் அலங்காரம்.

1788-இல் இது பெரிய குறையாக இல்லை, எஞ்சின்களே மெதுவாகத்தான் ஓடின. மாவு ஆலைகளில் எந்திரக்கல்லின் இடைவெளியைச் சரிசெய்ய இதே சுழல் குண்டு ஏற்கெனவே இருந்தது. லண்டன் ஆல்பியன் மில்லில் அதைப் பார்த்துவிட்டு ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி போல்டன் அந்த ஆண்டு மே மாதம் அவருக்குக் கடிதம் எழுதினார். வாட் அதை நீராவி வால்வோடு இணைத்தார். காப்புரிமை வாங்கவில்லை. அந்த ஆண்டு செய்த எஞ்சின் ஒன்று லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் கவர்னரோடு நிற்கிறது. பர்மிங்ஹாம் அருகே சோஹோ தொழிற்சாலையில் 43 மெருகேற்றும் எந்திரங்களை ஓட்டியது அது.

நடு எடை வந்தது 1858-இல், அமெரிக்கரான சார்லஸ் போர்ட்டரின் காப்புரிமையில். வேகமாக ஓடும் எஞ்சினுக்கு அது தேவைப்பட்டது. 3 கிலோ குண்டுக்கு 24 கிலோ நடு எடை என்றால் உயரம் 9 மடங்கு. அதே 249 மி.மீ. இப்போது 180 சுற்றில் கிடைக்கும்.

மூன்றாம்ஆண்டுமெக்:

சார், எங்க டைனமிக்ஸ் லேபில் வாட், போர்ட்டர், ப்ரோயல், ஹார்ட்நெல் நாலையும் மாத்தி மாத்தி மாட்டி ஓட்டுறோம். ஸ்லீவ் ஏறுறது அழகா ஸ்கேல்ல தெரியும். ஆனா ஹன்டிங்னு ஒண்ணு வந்ததே இல்லையே?

மில்பெல்ட்:

வராது தம்பி. அங்கே மோட்டார் கவர்னரைச் சுற்றுகிறது, கவர்னர் மோட்டாரை எதுவும் செய்வதில்லை. வேகத்தை நீங்கள் மின்னழுத்தத்தை மாற்றும் டிம்மர்ஸ்டாட்டில் திருகி வைக்கிறீர்கள், ஸ்லீவ் அதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அது வேகமானி. அந்த லேபை முடித்தவருக்குக் கிராஃப் போடத் தெரிந்திருக்கும், எஞ்சின் ஏன் ஆடுகிறது என்று தெரியாது. பாடத்திட்டத்தில் எனக்கு நெடுநாள் வருத்தம் இது.

எஞ்சினில் ஸ்லீவ் ஏறியதும் வால்வு மூடும். ஆனால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஸ்டீம் செஸ்டில் நீராவி மிச்சம் இருக்கிறது. நீராவி ஒரு சிலிண்டரிலிருந்து அடுத்ததற்குப் போகும் காம்பவுண்ட் எஞ்சினில், நடுவே உள்ள ரிசீவரில் இன்னும் அதிகம். வால்வு மூடிய பிறகும் அது வேலை செய்து வேகத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். கவர்னர் தேவைக்கு மேல் மூடும். செஸ்ட் காலியானதும் வேகம் விழும். கவர்னர் தேவைக்கு மேல் திறக்கும். இந்தத் தாமதத்தோடு உராய்வும் பின்களின் தளர்வும் சேர்ந்தால் ஆட்டம் அடங்காது.

இதைக் கணக்காக எழுதியவர்கள் 1868-இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல், 1876-இல் ரஷ்யாவின் விஷ்னெகிராட்ஸ்கி. பின்னவர் சொன்னது எஞ்சின்காரனுக்கு நேரடியாக உதவும்: குண்டு கனத்தால் ஆட்டம் கூடும், தணிப்பு (ஆட்டத்தை அடக்கும் எதிர்ப்பு) குறைந்தால் கூடும், பிளைவீல் இலேசானால் கூடும், லோடுக்கும் லோடில்லாததற்கும் உள்ள வேக வித்தியாசத்தைக் குறைத்தாலும் கூடும்.

கடைசியாகச் சொன்ன அந்த வித்தியாசம்தான் ட்ரூப். முழு லோடில் 100 சுற்று, லோடில்லாமல் 104 என்றால் ட்ரூப் 4 சதவீதம். இதைக் கோளாறு என்று எண்ணி ஒழிக்கப் பார்ப்பவர்கள்தான் ஹன்டிங்கைக் கொண்டுவருகிறார்கள். ஸ்பிரிங்கால் இயங்கும் ஹார்ட்நெல் கவர்னரில் அந்த ஸ்பிரிங்கின் முன்னிறுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ட்ரூப் பூஜ்யத்தை நெருங்கும், ஆட்டமும் தொடங்கும். வேகத்தை ஏற்றுவதற்காக ஸ்பிரிங்கை முறுக்கினாலும் இதே விளைவுதான். வேகம் வேண்டுமென்றால் கூடுதல் விறைப்புள்ள ஸ்பிரிங் போட வேண்டும், இல்லாவிட்டால் கவர்னரை ஓட்டும் புல்லி விகிதத்தை மாற்ற வேண்டும்.

லங்காஷயர் நெசவாலைகளுக்கு இது நிஜப் பிரச்சினை. பர்ன்லி அருகே குவீன் ஸ்ட்ரீட் மில்லில் இருக்கும் 500 குதிரைத்திறன் எஞ்சின் போன்றது ஏறத்தாழ ஆயிரம் தறிகளை ஓட்டியது. வேகம் விழுந்தால் உற்பத்தியும் பீஸ் கணக்கில் வாங்குகிற கூலியும் விழும், ஏறினால் பாவு நூல் அறும். ட்ரூப்பை ஒழிக்காமலே இதைச் சமாளிக்க, முக்கியக் கவர்னரின் இணைப்பு ராடு நீளத்தை மெல்ல மெல்லத் திருத்தும் துணைக் கவர்னர் ஒன்றைச் சில ஆலைகளில் சேர்த்தார்கள். மெல்ல என்பதுதான் அதில் முக்கியம்.

பித்தளைப்புஷ்:

தணிப்பு என்றதும் கிளாண்டை இறுக்கி ஆட்டத்தை அடக்குகிற ஆட்களும் உண்டு. தப்பு. காய்ந்த உராய்வு ஸ்லீவை நிற்கும் இடத்திலேயே பிடித்து வைக்கும். எண்ணெய் நிரம்பிய சிலிண்டருக்குள் பிஸ்டன் நகரும் டேஷ்பாட் அப்படியில்லை, கதவு க்ளோசர் மாதிரி நகரும்போது மட்டும் எதிர்க்கும். ஸ்லீவ் கடைசியில் சரியான இடத்துக்கு வந்தே தீரும்.

டேஷ்பாட்டைச் சரிசெய்யும்போது எண்ணெய் போகும் வழியைக் கட்டுப்படுத்தும் பைபாஸ் ஸ்க்ரூவை முழுக்கத் திறந்து தொடங்குங்கள். கால் சுற்று மூடி, லோடில் ஒரு பகுதியைச் சட்டென்று எடுத்துப் பாருங்கள். ஸ்லீவ் ஒரு தடவை தாண்டிப் போய், திரும்பி, அடங்கினால் போதும். அதற்கு மேல் மூடினால் பார்க்க அமைதியாக இருக்கும், ஆனால் லோடு முழுசாகப் போகும்போது கவர்னர் தாமதமாக எழும், எஞ்சின் பாய்ந்துவிடும். குளிர்காலக் காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போதும் இதுவே நடக்கும். எண்ணெய் மட்டம் குறைந்தால் பிஸ்டன் காற்றை இழுக்கும். முதல் சில மில்லிமீட்டர் எதிர்ப்பே இருக்காது, ஆட்டம் திரும்ப வரும்.

இணைப்புப் பின், புஷ் இவற்றின் தேய்மானத்தை விடாதீர்கள். வால்வின் முழு ஓட்டம் 12 மி.மீ. என்றால் லிங்க்கில் மொத்தம் 1 மி.மீ. தளர்வு இருந்தாலே, அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கு கவர்னரின் கையில் இல்லை.

கரிக்கொட்டகை:

சின்ன எஞ்சின்களில் வரும் பிக்கரிங் கவர்னர் பற்றிச் சொல்கிறேன். மூன்று குண்டுகளும் பட்டை ஸ்பிரிங்கில் நிற்கும், பின்களே கிடையாது, அதனால் தளர்வும் கிடையாது. உடைவது ஸ்பிரிங்தான், அதுவும் இரண்டு முனைகளில் இறுக்கிப் பிடித்த இடத்தில். ஒன்று உடைந்தால் மூன்றையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் சமநிலை கெட்டு ஸ்பிண்டில் ஒருபக்கம் தேயும்.

புல்லி கணக்கில் குழம்புகிறவர்களுக்கு: கவர்னர் தன் வேகத்தை மட்டுமே அறியும். 400 சுற்றுக் கவர்னர், 200 சுற்று எஞ்சின், ஷாஃப்ட் புல்லி 200 மி.மீ. என்றால் கவர்னர் புல்லி 100 மி.மீ. எஞ்சின் 220-இல் ஓட வேண்டுமா? கவர்னர் புல்லியை 110 ஆக்குங்கள். சின்னதாக்கினால் எஞ்சின் மெதுவாகும்.

இந்தக் காரணத்தால்தான் பெல்ட் வழுக்குவது ஆபத்து. பெல்ட்டில் எண்ணெய் பட்டு வழுக்கினால் எஞ்சின் மெதுவாகிவிட்டது என்று கவர்னர் எடுத்துக்கொள்ளும், வால்வைத் திறக்கும், எஞ்சின் ஓட்டம் பிடிக்கும். மற்ற பெல்ட்டுகளில் வழுக்கல் வேலையைக் குறைக்கும். இந்த ஒன்றில் மட்டும் கூட்டும்.

வால்வை அமைக்கும்போது ஸ்லீவைக் கையால் முழுக்கத் தூக்கிப் பாருங்கள். மேல் ஸ்டாப்பரைத் தொட 2, 3 மி.மீ. இருக்கும்போதே வால்வு சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்டாப்பர் முதலில் இடித்தால் வால்வு மூடவே மூடாது. அடுத்து, லோடில்லாமல் மெதுவாக ஓடவிட்டு வால்வைக் கையால் மூடிப் பிடியுங்கள். எஞ்சின் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் சீட் தேய்ந்து கசிகிறது, எந்தக் கவர்னரும் அதைக் காப்பாற்றாது.

மூன்றாம்ஆண்டுமெக்:

ஊட்டி மலை ரயில் நீராவி எஞ்சின்ல கவர்னர் எங்கே இருக்கும் அண்ணா?

கரிக்கொட்டகை:

எஞ்சினின் வேகத்துக்குக் கவர்னர் கிடையாது தம்பி. ரயில் எஞ்சினில் டிரைவர் நீராவியைத் திறக்கும் ரெகுலேட்டர் கையும், திசையையும் நீராவி அளவையும் மாற்றும் ரிவர்சரும்தான் வேகம். ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்ற தேவையே அதற்கு இல்லை. பொதுவாக நீராவி ரயில் எஞ்சின்களில் ஹெட்லைட்டுக்கு ஒரு டர்போ ஜெனரேட்டர் வைத்திருந்தால் அதற்குள் சின்னதாக ஒன்று இருக்கும்.

மில்பெல்ட்:

பெல்ட் பேச்சு வந்ததால் கார்லிஸ் எஞ்சினையும் சொல்லிவிடலாம். 1849-இல் ஜார்ஜ் கார்லிஸ் காப்புரிமை வாங்கிய முறையில் கவர்னர் நீராவியை நெருக்குவதில்லை. ஒரு கொக்கி வால்வைப் பிடித்துத் திறந்து நீராவியை முழு அழுத்தத்தில் உள்ளே விடும்; எந்த இடத்தில் கொக்கியைத் தட்டி விடுவித்து வால்வை மூடுவது என்பதை மட்டும் கவர்னர் தீர்மானிக்கிறது. தட்டும் கேமை (மேடுள்ள தகடு) நகர்த்துவதே அதன் வேலை என்பதால் சுமை குறைவு, வேகம் நன்றாக நிற்கும். ஒரு எல்லை உண்டு: நீராவி வால்வுக்கும் வெளியேற்று வால்வுக்கும் ஒரே எக்சென்ட்ரிக் (வால்வை ஓட்டும், மையம் விலகிய சக்கரம்) என்றால் ஏறத்தாழ அரை ஸ்ட்ரோக்குக்குள் தட்டியாக வேண்டும். லோடு அதற்கு மேல் கேட்டால் தட்டல் நடக்காது, நீராவி கடைசி வரை போகும். லோடு ஏறும்போது எஞ்சின் முரடாக மாறினால் கவர்னரைத் திட்டாதீர்கள், ஓவர்லோடு.

பாதுகாப்பு கேம் இதில் தனியாக உண்டு. பெல்ட் அறுந்து குண்டுகள் அடிமட்டத்துக்கு விழுந்தால், கொக்கி வால்வைப் பிடிக்கவே விடாது அது, நீராவி நின்றுவிடும். சிக்கல் என்னவென்றால் எஞ்சின் நிற்கும்போதும் குண்டுகள் அடிமட்டத்தில்தான் இருக்கும், அப்போது ஸ்டார்ட் செய்ய முடியாது. அதனால் ஒரு பின் ஸ்லீவைக் கொஞ்சம் மேலே தாங்கிப் பிடிக்கும். எஞ்சின் வேகம் எடுத்ததும் அந்தப் பின்னை எடுத்துவிட வேண்டும். சில எஞ்சின்களில் கவர்னர் எழுந்ததும் தானாக விழும். எடுக்க மறந்து, பெல்ட்டும் அறுந்தால் முழு நீராவி. பிளைவீல் ரிம்மின் இழுவிசை வேகத்தின் வர்க்கமாக ஏறும், இரு மடங்கு வேகத்தில் நான்கு மடங்கு. வார்ப்பிரும்பு ரிம்முக்கு நொடிக்கு 30 மீட்டர் என்பதே வழக்கமான உச்ச வரம்பு. துண்டுகளைப் போல்ட் போட்டுச் சேர்த்த சக்கரம் இணைப்பில் முதலில் பிளக்கும்.

இதைச் சோதிக்க ஓட விட வேண்டியதில்லை. நீராவியை அடைத்து, பின்னை எடுத்து, கவர்னரை அடிமட்டத்துக்கு இறக்கி, பிளைவீலைக் கடப்பாரையால் ஒரு முழுச் சுற்று நெம்பித் திருப்புங்கள். இரண்டு நீராவி வால்வுகளில் எதையாவது கொக்கி பிடித்துத் தூக்கினால் அந்தப் பக்கக் கேம் நழுவியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஸ்டீம் திறக்காதீர்கள்.