கையா டேட்டாவில் கார்த்திகைக் கூட்டம்: கோடு வரவில்லை, வெறும் புள்ளி மேகம்தான் வருகிறது

இரவுவிழி

வணக்கம். வானியல் முறையாகப் படித்ததில்லை, ஆர்வம் மட்டும்தான். விண்மீன்களின் இடத்தையும் தூரத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் மூன்றாவது தரவு வெளியீட்டை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று தெரிந்ததிலிருந்து அதிலேயேதான் கிடக்கிறேன்.

கார்த்திகைக் கூட்டத்தின் நடுவைச் சுற்றி 2 பாகை ஆரத்துக்குள் இருக்கும் எல்லா விண்மீன்களையும் எடுத்து டாப்கேட் என்ற அட்டவணை மென்பொருளில் திறந்தேன். கிடைமட்டத்தில் நிறம், அதாவது பிபி (நீலப் பட்டைப் பொலிவெண்) கழித்தல் ஆர்பி (சிவப்புப் பட்டைப் பொலிவெண்). செங்குத்தில் ஜி பொலிவெண், அதாவது அகலப் பட்டையில் அளந்த பிரகாசம் (எண் குறைந்தால் பிரகாசம் அதிகம்), பிரகாசமானவை மேலே வரும்படி திருப்பிவிட்டேன். புத்தகங்களில் மேல் இடப்பக்கத்திலிருந்து கீழ் வலப்பக்கம் வரை அழகாக ஒரு கோடு இறங்குமே, அது என் வரைபடத்தில் எங்கேயும் இல்லை. பல்லாயிரம் புள்ளிகள் அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மேகம் நிற்கிறது. எங்கே தவறு செய்தேன்? கோடு வந்தால் அதிலிருந்து கூட்டத்தின் வயதை எப்படிப் படிப்பது? இன்னொன்றும் கேட்க வேண்டும். கையா கிட்டத்தட்ட 180 கோடி விண்மீன்களை அளந்திருக்கும்போது ஹபிளும் ஜேம்ஸ் வெப்பும் இன்னும் ஏன் விண்மீன் கொத்துகளைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கின்றன?

மூன்றாம்பிறை

நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை, பாதியில் நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான். அந்த வட்டத்துக்குள் கார்த்திகையோடு சேர்த்து அதற்கு முன்னால் இருப்பவை, பின்னால் ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தூரம் வரை இருப்பவை எல்லாம் வந்துவிட்டன. இனி சலிக்க வேண்டும்.

முதல் சல்லடை பாரலாக்ஸ் என்கிற இடமாறு தோற்றம், அதாவது பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறுவது போலத் தெரியும் அளவு. தூரம் கூடினால் அது குறையும். கார்த்திகைக்கு அது 7.36 மில்லி ஆர்க் செகண்டை ஒட்டி இருக்கும் (ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு ஆர்க் செகண்ட், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆர்க் செகண்ட்). ஆயிரத்தை அதால் வகுத்தால் 136 பார்செக், அதாவது ஏறக்குறைய 440 ஒளியாண்டு. கூட்டத்துக்கும் ஒரு தடிமன் உண்டு, அதனால் 6.8 முதல் 7.9 வரை விடுங்கள்.

இரண்டாவது சல்லடைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நிறத்தையும் பொலிவையும் கொஞ்சம் மறந்துவிட்டு, விண்மீன்களின் சொந்த இயக்கத்தை, அதாவது வானில் ஆண்டுதோறும் அவை நகரும் அளவை மட்டும் வரையுங்கள், ஒரு அச்சில் கிழக்கு மேற்கு, இன்னொன்றில் வடக்கு தெற்கு. தூரத்தில் இருப்பவை எல்லாம் சுழியத்துக்குப் பக்கத்தில் குவிந்து கிடக்கும், ஏனென்றால் அவ்வளவு தூரத்திலிருந்து அவற்றின் நகர்வு நமக்கு மிகச் சிறிதாகத்தான் தெரியும். அங்கிருந்து விலகி, ஆண்டுக்குக் கிழக்கே 20, தெற்கே 45 மில்லி ஆர்க் செகண்ட் என்ற இடத்தில் தனியாக ஒரு சின்ன முடிச்சு இருக்கும். அதுதான் கார்த்திகை. ஒரே மேகத்தில் பிறந்து இன்றுவரை ஒன்றாகவே போய்க்கொண்டிருக்கும் கூட்டம். நான் முதன்முதலில் அந்த முடிச்சைப் பார்த்த இரவில் தூங்கவே இல்லை.

முடிச்சைச் சுற்றி 4 அல்லது 5 மில்லி ஆர்க் செகண்ட் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே இருப்பவற்றை மட்டும் வைத்து வரைபடத்தைத் திரும்பப் போடுங்கள்.

இரவுவிழி

வந்துவிட்டது! மேகம் போய் சில நூறு புள்ளிகள்தான் மிச்சம், கத்தியால் கீறியது போல ஒரு கோடு. ரொம்ப நன்றி.

ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. கோட்டுக்குச் சற்று மேலே, அதற்கு இணையாக, மெலிதாக இன்னொரு கோடு தெரிகிறது. அப்புறம் கீழ்முனையில், மங்கலான சிவப்பு விண்மீன்கள் இருக்கும் பக்கம், கோடு வலப்புறம் போகாமல் இடப்புறம் வளைகிறது. சல்லடையில் ஓட்டை இருக்கிறதா?

தொலைவட்டம்

சல்லடை சரியாகத்தான் இருக்கிறது. மேலே தெரியும் கோடு இரட்டை விண்மீன்கள். ஒரே மாதிரியான இரண்டு விண்மீன்கள் மிக நெருக்கமாக இருந்தால் கையாவுக்கு அவை ஒரே புள்ளி. நிறம் மாறாது, வெளிச்சம் இரண்டு மடங்கு, அதனால் பொலிவெண்ணில் 0.75 அளவுக்கு மேலே ஏறி நிற்கும். அளந்து பாருங்கள், கிட்டத்தட்ட அதே இடைவெளி வரும். இரு கோடுகளுக்கும் நடுவில் சிதறிக் கிடப்பவற்றில் பல, எடை சமமில்லாத ஜோடிகள்.

கீழே வளைவது கருவி சம்பந்தப்பட்டது. மங்கலான சிவப்பு விண்மீனிலிருந்து நீலப் பட்டையில் வரும் ஒளி மிகக் குறைவு, அந்த நிலையில் கையாவின் பிபி ஒளி அளவு உண்மையைவிடக் கூடுதலாகப் பதிவாகிவிடுகிறது, விண்மீன் இருப்பதைவிட நீலமாகத் தெரிகிறது. நிறத்துக்கு ஜி கழித்தல் ஆர்பி போட்டுப் பாருங்கள், வளைவு பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

வயது விஷயத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். எடை கூடிய விண்மீன் எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்துக்கொண்டு முதன்மை வரிசையை, அதாவது நீங்கள் பார்த்த அந்தக் கோட்டை விட்டு விலகும், எந்த இடத்தில் விலகல் ஆரம்பிக்கிறதோ அதுதான் வயது சொல்லும் இடம். தத்துவம் இவ்வளவுதான். ஆனால் கார்த்திகையில் அந்த இடத்தில் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில நீல விண்மீன்கள், அவற்றில் பல மிக வேகமாகச் சுழல்பவை, சுழற்சி நிறத்தையும் பொலிவையும் மாற்றிவிடும். போதாததற்கு, அவ்வளவு பிரகாசமானவற்றில் கையாவின் அளவீடும் தடுமாறும். அதனால்தான் அங்கே லித்தியத்தை வைத்துப் பார்க்கிறார்கள். மிகச் சிறிய விண்மீன்களில் எந்த எடைக்குக் கீழே லித்தியம் இன்னும் எரியாமல் மிஞ்சியிருக்கிறது என்று தேடினால் 11 முதல் 13 கோடி ஆண்டுகள் என்று வயது கிடைக்கிறது.

கோட்டிலிருந்தே வயது படித்துப் பழக வேண்டுமென்றால் மெசியே 67 என்ற பழைய விண்மீன் கூட்டத்தை எடுங்கள். ஏறக்குறைய 400 கோடி ஆண்டு வயது, கோடு விலகித் திரும்பும் இடம் பளிச்சென்று தெரியும்.

பழையவானம்

மூன்றாம்பிறை சொன்ன 136 பார்செக்குக்குப் பின்னால் பெரிய சண்டையே இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கையாவுக்கு முன்னோடியான ஹிப்பார்க்கோஸ் விண்கலத்தின் பட்டியல் 1997-இல் வந்தபோது கார்த்திகையின் தூரம் 120 பார்செக்குக்குள்தான் என்றது. மற்ற வழிகளில் கணக்கிட்டவர்கள் 130-க்கு மேல் என்றார்கள். 10 சதவீத வித்தியாசம்தானே என்று விட முடியாது. ஹிப்பார்க்கோஸ் சொன்னது சரியென்றால் கார்த்திகை விண்மீன்கள் அதே வகை மற்ற விண்மீன்களைவிட மங்கலானவை என்றாகும், அப்படியானால் விண்மீன் எப்படி எரிகிறது என்ற நம் கணக்கிலேயே கை வைக்க வேண்டியிருக்கும். 2014-இல் ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து அளந்தபோதும் 136 வந்தது, பிறகு கையாவும் அதையே சொன்னது. விண்கலத்திலிருந்து வந்த எண் என்பதற்காக அப்படியே நம்பிவிடக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் கூட்டம்தான்.

மூன்றாம்பிறை

கையா இருக்கும்போது ஹபிள் எதற்கு என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நெரிசல்தான் காரணம். ஒமேகா செண்டாரி என்ற கோளக் கொத்தில் (பந்து போல நெருங்கித் திரண்ட விண்மீன் கூட்டம்) சுமார் ஒரு கோடி விண்மீன்கள், நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு தெரியும். கையா நிறத்தை அளப்பதற்காக ஒளியை முப்பட்டகத்தால் விரிக்கிறது, விரிந்த பட்டை பக்கத்து விண்மீனின் பட்டைமேல் விழுந்துவிடும். வழக்கமான முறையில் முடியாததால் அந்தப் பகுதியைச் சிறப்பு முறையில் படமெடுத்து, 2023 அக்டோபரில் வெளியிட்டார்கள். அந்த ஒரு கொத்தில் மட்டும் 5 லட்சத்துக்கும் மேல் புது விண்மீன்கள் கிடைத்தன. ஹபிள் 2.4 மீட்டர் ஆடியோடு காற்றுமண்டலத்துக்கு மேலே இருப்பதால் ஆர்க் செகண்டில் இருபதில் ஒரு பங்கு வரை பிரித்துக் காட்டும், தரையில் காற்றின் நடுக்கம் சாதாரணமாக ஒரு ஆர்க் செகண்ட் அளவுக்கு எல்லாவற்றையும் பூசிவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம், ஹபிளிடம் பழைய படங்கள் இருக்கின்றன. ஒமேகா செண்டாரியின் நடுப்பகுதியை 20 ஆண்டுகளுக்கு மேலாக 500-க்கும் மேற்பட்ட முறை எடுத்திருக்கிறது, அவற்றில் பெரும்பாலானவை கருவியைச் சரிபார்ப்பதற்காக எடுத்த படங்கள். அவற்றையெல்லாம் சேர்த்து 14 லட்சம் விண்மீன்களின் நகர்வை அளந்தபோது, நடுவில் 7 விண்மீன்கள் கொத்தை விட்டே பறந்துபோயிருக்க வேண்டிய வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் அங்கேயே இருக்கின்றன. பிடித்து வைத்திருப்பது குறைந்தது 8,200 சூரிய எடை கொண்ட ஒரு கருந்துளை என்று 2024 ஜூலையில் அறிவித்தார்கள். நீங்கள் கார்த்திகையைப் பிரித்தெடுத்த அதே சொந்த இயக்கம்தான், இன்னும் பொறுமையாக, இன்னும் நுணுக்கமாக.

வெப் அகச்சிவப்பில் பார்ப்பதால் தூசிக்குள் இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும் இளம் கொத்துகளுக்கு அதுதான் பொருத்தம்.

தொலைவட்டம்

புற ஊதாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் பெரும்பகுதியைக் காற்றுமண்டலம் விழுங்கிவிடும், மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். பழைய கொத்துகளில், திரும்பும் இடத்தையும் தாண்டி, வயதுக்குப் பொருந்தாத நீலத்தோடு சில விண்மீன்கள் இருக்கும். என்ஜிசி 188 என்ற பழைய கொத்தில் அப்படிப்பட்ட ஒன்றுக்கு அருகில் மறைந்திருந்த சூடான துணை விண்மீனை 2016-இல் இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் விண்கலத்தின் புற ஊதாத் தொலைநோக்கி காட்டிக்கொடுத்தது. துணையிடமிருந்து பொருளை வாங்கிக்கொண்டுதான் அது மறுபடி இளமையாகத் தெரிகிறது.

இரவுவிழி

மெசியே 67 போட்டுவிட்டேன். முடிச்சு மேற்கே 11, தெற்கே 3 பக்கத்தில் இருக்கிறது. கோடு மேலே ஏறி, வலப்பக்கம் திரும்பி, சிவப்புப் பூதங்களை (வயதாகிப் பெருத்த விண்மீன்களை) நோக்கிப் போகிறது. திரும்பும் இடத்துக்கு மேலே இடப்புறம் சில புள்ளிகள் தனியாக நிற்கின்றன. சலிக்கும்போது தப்பி வந்தவை என்று அழிக்கப் போனேன், தொலைவட்டம் எழுதியதைப் படித்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். அவைதானா இவை?

தொலைவட்டம்

பாரலாக்ஸும் சொந்த இயக்கமும் கூட்டத்தோடு ஒத்துப்போனால் அவைதான். மெசியே 67 அவற்றுக்குப் பேர்போன இடம். அழிக்காதீர்கள், தனிப் பட்டியலாக எடுத்து வையுங்கள்.